முதல் செஸ் போட்டிக்கு ஆறு வாரம்: என்ன செய்யலாம், எதை விடலாம்

வணக்கம் சார். ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன், காய் நகர்த்தக் கற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஆறு வாரத்தில் போட்டி. டியூஷனை நிறுத்திவிட்டுப் பெரிய கோச்சிடம் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் தேவையில்லை. தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

ஸ்போர்ட்ஸ் கோட்டா பற்றியும் கேட்டீர்கள். தமிழ்நாடு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, பொறியியல் கலந்தாய்விலும் தனி இடங்கள் உண்டு. ஆனால் அங்கே எடுபடுவது மாநில, தேசிய அளவில் வாங்கும் பதக்கங்கள்தான். பங்கேற்புச் சான்றிதழை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அந்தக் கணக்கைப் பையன் காதில் போடவே போடாதீர்கள்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். புதிதாக ஆடும் பிள்ளைகள் ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க மூவ்கள்) தெரியாமல் தோற்பதில்லை. குதிரையையோ பிஷப்பையோ சும்மா தூக்கிக் கொடுத்துத் தோற்கிறார்கள். அதனால் சிசிலியன், கிங்ஸ் இந்தியன் என்று ஓப்பனிங்குகளை வீடியோ வீடியோவாகப் பார்ப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். நடுக் கட்டங்களைப் பிடி, குதிரையையும் பிஷப்பையும் வெளியே கொண்டு வா, சீக்கிரம் கேஸ்லிங் செய் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்தி ராஜாவைப் பத்திரப்படுத்துவது): இவ்வளவு போதும். எதிராளி ராணியையும் பிஷப்பையும் வைத்து எஃப்7 கட்டத்தை (கறுப்பு ராஜாவை ஒட்டிய சிப்பாய் நிற்கும் இடம்) குறிபார்க்கும் நாலு மூவ் மேட்டைத் தடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். முதல் சுற்றிலேயே அதை முயன்று பார்க்கும் பிள்ளைகள் நிறையப் பேர்.

ஒதுக்கிய ஒரு மணியில் பாதி நேரம் புதிர்கள். லிசெஸ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டு மூவில் மேட், ஃபோர்க் (ஒரே காயால் இரண்டு காய்களைத் தாக்குவது), பின் (பின்னால் இருக்கும் பெரிய காய்க்காக முன்னால் இருப்பது நகர முடியாமல் நிற்பது). வேகம் முக்கியமில்லை, முழு விடையையும் மனசுக்குள் பார்த்த பிறகுதான் காயைத் தொட வேண்டும். மூன்று நிமிட பிளிட்ஸ் ஆட்டங்களைப் போட்டி முடியும்வரை மறந்துவிடட்டும். அதில் கை பழகுமே தவிர, யோசனை பழகாது.

கடைசிக் கட்ட ஆட்டத்தை யாரும் சொல்லித் தருவதில்லை, எனக்கு இதில் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. ராணியும் ராஜாவும் கையில் இருக்க, தனி ராஜாவை மேட் செய்யத் தெரியாமல் அரைப் புள்ளியோடு எழுந்து வரும் பிள்ளைகள் ஏராளம். எதிராளியின் ராஜா ஏ8 மூலையில் நிற்கிறது, உங்கள் பையன் ராணியை பி6-இல் வைத்துவிட்டான் என்று வையுங்கள். செக் இல்லை, நகரவும் இடமில்லை. ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. மூலையில் இருக்கும் ராஜாவுக்குக் குதிரைத் தாவல் தூரத்தில் ராணி போகக் கூடாது என்று போர்டில் வைத்தே காட்டுங்கள்.

வாரக் கடைசியில் கடிகாரம் வைத்து நீண்ட ஆட்டம் ஒன்று, ஒவ்வொரு மூவையும் தாளில் எழுதிக்கொண்டே. இதை வீட்டிலேயே பழக்காவிட்டால் ஹாலில் தடுமாறுவான். விதிகளும் அப்படித்தான். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். கேஸ்லிங்கில் முதலில் ராஜாவைத் தொட வேண்டும், அதுவும் ஒரே கையால். இரண்டு கையால் செய்து கடிகாரத்தை அழுத்தினால் அது விதிமீறல் மூவாகக் கணக்காகும், இரண்டாவது தடவை அப்படி நடந்தால் ஆட்டமே போய்விடும். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனதும் யானையைக் கவிழ்த்து வைத்து "இதுதான் ராணி" என்பது வீட்டில் செல்லும், அங்கே அது யானைதான். இன்னொரு ராணி கையில் இல்லையென்றால் கடிகாரத்தை நிறுத்திவிட்டு ஆர்பிட்டரை (நடுவரை) கூப்பிடலாம்.

போட்டி பெரும்பாலும் ஸ்விஸ் முறையில் இருக்கும். தோற்றால் வெளியே அனுப்ப மாட்டார்கள், ஏறத்தாழ அதே புள்ளியில் இருப்பவரோடு அடுத்த ஆட்டம். முதல் இரண்டு சுற்றில் தோற்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், அவனுக்குச் சரிசமமான ஆட்டங்கள் அதற்குப் பிறகுதான் வரும். சுற்றுகளுக்கு நடுவே போனில் எஞ்சினை (செஸ் ஆடும் கணினி நிரலை) போட்டு "இங்கே விட்டுட்டியே" என்று ஆராய வேண்டாம். எழுதிய தாள்களை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், மறுநாள் பார்க்கலாம். போனும் ஸ்மார்ட் வாட்ச்சும் உங்களிடமே இருக்கட்டும், ஹாலுக்குள் அவன் சட்டைப்பையில் போன் மணி அடித்தால் ஜெயிக்கிற ஆட்டமும் போச்சு.