கரடிக்கு டயர் போட்டால் போதுமா?

கேள்வி: உயிரியல் பூங்கா ஒன்றில் கரடிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஒரு கரடி சுவரோரமாகவே போவதும் வருவதுமாக இருந்தது. அடைபட்ட பிராணிக்குப் பொழுது போக ஏதாவது வேலை கொடுக்கிற ‘என்ரிச்மென்ட்’ என்று டயரும் மரக்கட்டையும் போட்டோம். இரண்டு நாள் உருட்டி விளையாடியது. இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, பழையபடி நடைதான். வேறு என்னங்க வாங்கிப் போடலாம்?
– வாசகர், கோபிச்செட்டிபாளையம்

பதில்: புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் தம்பி. தினமும் கொடுக்கிற தீனியைக் கொடுக்கும் விதத்தை மாற்றுங்கள். டயரை முகர்ந்து, கடித்து, உருட்டிப் பார்த்தாயிற்று. அதற்குமேல் அதில் கரடிக்கு வேலை இல்லை.

சத்தியமங்கலம் காட்டிலோ ஆனைமலையிலோ இருக்கிற கரடி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைத் தீனி தேடுவதிலேயே கழிக்கும். கறையான் புற்றை நகத்தால் உடைக்கும், மண்ணை ஊதித் தள்ளும், பிறகு கறையானை உறிஞ்சும். உறிஞ்சத் தோதாக அதற்கு மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் கிடையாது. அந்தச் சத்தம் 100 மீட்டர் தாண்டியும் கேட்கும். அப்படிப்பட்ட பிராணிக்குக் களியையும் பழத்தையும் தட்டில் வைத்தால் சில நிமிடங்களில் தின்று முடித்துவிடும். மிச்சப் பொழுதை எப்படிக் கழிக்கும்? நடக்கிறது.

அதே தீனியைப் பிரித்து ஒளித்து வையுங்கள். முற்றின மூங்கில் துண்டில் துளை போட்டு உள்ளே தேன் தடவலாம். துளையின் விளிம்பைச் சிலாம்பு இல்லாமல் தேய்த்துவிடுங்கள். நாவல், அத்தி, கொன்றைக்காய் எது கிடைக்கிறதோ அதைக் கல்லுக்கு அடியிலும் தேங்காய் மட்டைக் குவியலுக்குள்ளும் வைக்கலாம். தோட்டத்து வரப்பில் இருக்கும் புற்றுமண் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் மஞ்சளுக்கும் வாழைக்கும் மருந்தடிக்கிற பூமியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். தேன் வைத்த அளவுக்கு அன்றைய தீனியைக் குறைக்க வேண்டும், அடைபட்ட கரடி சீக்கிரம் பெருத்துவிடும். எதை வைத்தாலும் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், நேரம். தினமும் நாலு மணிக்குத் தீனி என்றால் மூன்றரைக்கே நடை கூடிவிடும். நேரத்தையும் ஒளிக்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

எல்லா நடையும் தீனிக்காக அல்ல. வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் ஓர் அமெரிக்கக் கருங்கரடியைக் கவனித்து கார்ல்ஸ்டெட், சைடன்ஸ்டிக்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991-ல் எழுதினார்கள். இணை தேடும் பருவத்தில் வேறு கரடிகளின் வாசனையை உள்ளே வைத்ததும் நடை குறைந்தது. இலையுதிர் காலத்தில் தீனியை ஒளித்து வைத்தபோது குறைந்தது. ஒரே கரடிதான், ஒரே மாதிரி நடைதான், காரணம் மட்டும் வேறு. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு இது.

அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள். எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து நடக்கிறதா, தோண்டுகிறதா, படுத்திருக்கிறதா என்று குறியுங்கள். மாற்றிய பிறகும் அதே நேரங்களில் குறியுங்கள். எந்த மூங்கிலை எத்தனை நாளில் சீந்தாமல் விட்டது என்பதும் அதில் தெரிந்துவிடும்.

வருஷக்கணக்கில் நடந்து பழகிய கரடி முழுக்க நிறுத்தாமல் போகலாம். மனம் விட்டுவிடாதீர்கள். தோண்டுவதும் முகர்வதும் கூடினாலே அதன் நாள் முன்னைவிட நன்றாகப் போகிறது.

நடை திடீரென்று கூடினாலோ, பாதத்தைக் கடித்துக்கொண்டாலோ மூங்கிலும் தேனும் உதவாது. பல்லிலோ மூட்டிலோ வலி இருக்கலாம். அன்றைக்கே டாக்டரை அழைத்துக் காட்டுங்கள், கூடவே அந்த நோட்டையும் கொடுங்கள்.