பிடி, விடு – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் இங்கே சிங்கப்பூரில் முனைவர் பட்டத்துக்கு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தசை இழைக்குள் கால்சியம் எப்போது வெளிவருகிறது, எப்போது திரும்பிப் போகிறது என்று பார்ப்பதுதான் வேலை. எலியின் தசையில் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால் இழை மின்னி அணையும். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கிளாரா ஃபிரன்சினி-ஆம்ஸ்ட்ராங் என்ற விஞ்ஞானியைப் பற்றிச் சமீபத்தில் படித்தேன். இத்தாலியில் பிறந்து, அமெரிக்காவில் வேலை பார்த்து, தசைக்குள் இருக்கும் ஒரு சின்ன இடுக்கைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். எனக்கு அந்தப் பொறுமை இல்லையோ என்று பயமாக இருக்கிறது. தீபாவளிக்கு வந்த உறவினர்கள், “இன்னுமா படிக்கிறே? இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?” என்றார்கள். கூடப் படித்தவள் வங்கியில் சேர்ந்து பிடிஓ (அரசு கட்டித்தரும் புது அடுக்குமாடி) வீட்டுக்கும் பதிந்துவிட்டாள். நானும் போய்விடலாமா?

இன்னொன்று. என் ஆய்வைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது வரியில், தசைக்குள் கால்சியத்தை அடைத்துவைக்கும் பைகளை ‘தசைக்கூழ் உள்வலைப்பின்னல்’ என்று எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன். தமிழில் இதற்கெல்லாம் சொல் இல்லை, அல்லவா? பெயரை வெளியிட வேண்டாம்.

வி.

அன்புள்ள வி,

என் மகளைவிடச் சின்னவளாக இருப்பாய். நீ என்றே எழுதுகிறேன்.

உறவினர்களை விடு. அவர்களிடம் மொத்தமே நான்கு கேள்விகள்தான், நீ எந்தக் கட்டத்தில் இருக்கிறாயோ அதற்குரியதை எடுத்து நீட்டுவார்கள். பொறுமையைப் பற்றியும் ரொம்ப யோசிக்காதே. எமிலியோ வெராட்டி என்ற இத்தாலியர் தசைக்குள் ஒரு வலை இருப்பதை 1902லேயே பார்த்து வரைந்துவைத்தார். ஐம்பது வருடம் யாரும் சீந்தவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகுதான் தேடி எடுத்தார்கள். வங்கிக்குப் போவதா வேண்டாமா என்பதையெல்லாம் சிறுகதை எழுதுகிறவளிடமா கேட்பார்கள்?

எனக்குக் கோபம் வந்தது கடைசிக் கேள்வியில். அதிலும் அந்த ‘அல்லவா’வில். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டால் நிம்மதியாக எழுந்து போய்விடலாம் என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்கிறாய்.

தொல்காப்பியத்திலேயே எல்லாம் இருக்கிறது என்று சொல்லப்போகிறேன் என நினைக்காதே. அந்தப் பெருமையும் சோம்பேறித்தனம்தான். ‘தசைக்கூழ் உள்வலைப்பின்னல்’ என்பது ஆங்கிலத்துக்கு வேட்டி கட்டிவிடும் வேலை. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்றதும் தமிழ் மேல் பழி போடுகிறாய்.

உன் கிளாரா என்ன செய்தார்? தசை இழையின் மேற்பரப்பில் ஓடும் மின்னதிர்வு சின்னக் குழாய்கள் வழியே உள்ளே இறங்குகிறது. குழாயை ஒட்டியே கால்சியத்தை அடைத்துவைத்த பைகள் இருக்கின்றன. குழாய்க்கும் பைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு இடுக்கு. செய்தி அந்த இடுக்கை எப்படித் தாண்டுகிறது? தவளைத் தசையை வெட்டிப் பார்த்த அவருக்கு, பையிலிருந்து குழாயை நோக்கி வரிசையாக ஏதோ நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. 1970இல் அதைப் பற்றி எழுதும்போது என்ன பெயர் வைத்தார்? கிரேக்கத்தையும் லத்தீனையும் துழாவவில்லை. ‘பாதங்கள்’ என்றார். பை காலூன்றி நிற்கிற மாதிரி இருந்தது, பாதம் என்று எழுதிவிட்டார்.

பதினேழு வருடம் கழித்து, 1987இல், அந்தப் பாதம்தான் கால்சியம் வெளியே வரும் வாசல் என்பது உறுதியானது. இன்று அதற்கு ரயனோடின் ஏற்பி என்று பெயர். ரயனோடின் என்பது தென் அமெரிக்கப் பக்கத்துச் செடி ஒன்றின் விஷம், பூச்சி மருந்தாகப் பயன்பட்டது. அது போய் இதில் ஒட்டிக்கொள்ளும், அதனால் இந்தப் பெயர். தசைக்கும் அந்தச் செடிக்கும் ஒரு உறவும் கிடையாது. எந்தப் பெயர் கண்ணால் பார்த்து வைத்தது, எந்தப் பெயர் போகிற போக்கில் ஒட்டிக்கொண்டது என்று நீயே சொல்.

இன்னும் கேள். லத்தீனில் தசைக்கு மஸ்குலஸ் என்று பெயர், குட்டி எலி என்று அர்த்தம். தோலுக்கடியில் ஏதோ ஓடுகிற மாதிரி இருந்திருக்கிறது அவர்களுக்கு. (எலியின் தசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் நீ, சிரித்துக்கொள்.) நமக்கு அது மீன். கெண்டைக்கால் என்று தினமும் சொல்கிறோம், உள்ளே கெண்டை மீன் இருப்பது ஞாபகமே இல்லாமல்.

எனக்கு ஞாபகம் உண்டு. அப்பா செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வெல்டர். பகல் முழுக்கக் கப்பலின் அடித்தொட்டிக்குள் குந்தியபடி வேலை. இரவில் இரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு, “கெண்டை புரண்டிருச்சு!” என்று ஒரு சத்தம் வரும். ஈசூன் மூவறை வீட்டில் எல்லாரும் எழுந்துவிடுவோம். அம்மா தூக்கத்தோடே போய் அவர் கால் கட்டைவிரலைப் பிடித்து முழங்காலை நோக்கி மடக்கி அழுத்துவாள். ஆடுசதை நிஜமாகவே மீன் மாதிரி திரண்டு நிற்கும். “விட்டுச்சா?” “இல்லடி, பிடிச்சிருக்கு.” “இப்போ?” “விடுது... விடுது...” என் பிள்ளைப் பருவத்தின் பாதி ராத்திரிகள் இந்த இரண்டு சொற்களில் போயின.

பிடி, விடு. பாடப்புத்தகம் என்ன சொல்லும்? தசைச் சுருக்கம், தசைத் தளர்வு. ஆனால் உள்ளே இருக்கும் இழைகள் எதுவும் சுருங்குவதில்லை என்று 1954இலேயே இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் காட்டிவிட்டன: ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் ஒன்று, ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும் இன்னொன்று. நீளம் மாறாமல் ஓர் இழைமேல் இன்னோர் இழை வழுக்கிப் போகிறது. எப்படி? பையிலிருந்து கால்சியம் வெளியே வந்ததும் மயோசின் இழையின் தலைகள் ஆக்டின் இழையைப் பிடித்து இழுக்கின்றன, விடுகின்றன, மறுபடி பிடிக்கின்றன. வெல்டர் கத்திய சொல் புத்தகச் சொல்லைவிடச் சரியாக இருக்கிறது. ‘சுருக்கம்’ வெளியே தெரிவதைச் சொல்கிறது. ‘பிடிச்சிருக்கு’ உள்ளே நடப்பதையே சொல்லிவிடுகிறது. சொல் இல்லையாம்!

விடுவதற்குத்தான் செலவு, அது உனக்கே தெரியும். ஒவ்வொரு தலையும் பிடியை விட ஒரு ஏடிபி (உடலின் சக்தி நாணயம்) வேண்டும். வெளியே வந்த கால்சியத்தைப் பைக்குள் திரும்ப இறைக்க, இரண்டு கால்சியத்துக்கு ஒரு ஏடிபி என்று பம்புக்குத் தனிக் கூலி. அது தீர்ந்துபோனால் கால்சியம் வெளியிலேயே நிற்கும், பிடித்தது பிடித்தபடி இருக்கும்.

போன நவம்பரில் அப்பா இறந்தார். வீட்டில்தான், அதிகாலை மூன்று மணிக்கு. காலையில் வேட்டி மாற்றும்போதே கை கொஞ்சம் முறுக்கியிருந்தது. மத்தியானம் வலதுகை அரை முஷ்டியாக இறுகிவிட்டது. அம்மா அதில் வெற்றிலை வைக்கப் பார்த்தாள். விரல் பிரியவில்லை. வந்திருந்த பெரியவர் ஒருவர், “விடும்மா, நாளைக்குத் தானா இளகிரும்” என்றார். நாளைக்கு எங்கே? நான்கு மணிக்கெல்லாம் மண்டாய் தகனச்சாலைக்குப் போய்விட்டோம். கை அப்படியே போயிற்று.

முந்தின இரவு இருவருக்கும் சின்னச் சண்டை. மாத்திரை சாப்பிடுவது பற்றித்தான், வேறொன்றுமில்லை. ஆனால் அம்மாவுக்கு அந்தக் கை கோபம். கோபத்தோடு போய்விட்டார் என்று ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் விளக்கினேன். இறந்தபின் உடல் விறைப்பதற்கு ரிகர் மார்ட்டிஸ் என்று பெயர் என்றேன், ஏடிபி என்றேன், யூடியூபில் ஒரு படம்கூடப் போட்டுக் காட்டினேன். “சரி சரி” என்றாள். மருத்துவரிடம் சொல்வாளே, புரியாதபோது, அந்தச் ‘சரி சரி’. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. உன் தசைக்கூழ்த் தமிழும் தெரியாது. தமிழ் முரசை மட்டும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பாள்.

நீ எழுத மாட்டேன் என்று செருப்பை மாட்டியது இந்தக் கட்டுரையைத்தான்.

இரண்டு பக்கம் போதும். கால்சியம் இருக்கட்டும், அது பால் டின்னிலேயே எழுதியிருக்கிறது. பை, குழாய், பாதம், பிடி, விடு. விடுவதற்குக் கூலி வேண்டும், கூலி நின்றுபோனால் கை அப்படியே நிற்கும், கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று உனக்குத் தெரிந்த கணக்கோடு எழுது. வங்கியில் சேர்ந்தாலும் எழுதலாம், சனி ஞாயிறு லீவுதானே.

எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு அனுப்பு. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை. அச்செடுத்து அவளிடம் கொடுக்கிறேன். இப்போதும் மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள்.