மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்கு 8 லட்சம் கடன்: அக்கா கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 26, கைக்கு வரும் சம்பளம் 28,000. பி.காம். படித்த நான்தான் வீட்டில் முதல் பட்டதாரி. அப்பா பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறார். தம்பி ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளி, இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டான், இன்ஜினியரிங் கட்ஆஃப் 112. லீவில் ஏசி சர்வீஸ் கடைக்கு வேலைக்குப் போனவன் அந்தத் தொழிலையே கற்றுக்கொள்கிறேன் என்கிறான். அப்பாவுக்கு மகன் இன்ஜினியராக வேண்டும். மாமா ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் பேசி வைத்திருக்கிறார், நான்கு வருடத்துக்கு ஹாஸ்டலோடு 12 லட்சம். வீட்டுப் பத்திரத்தை வைத்து 8 லட்சம் கல்விக் கடன், அதில் நான் இணைக் கடன்தாரர். மீதிக்கு என் சேமிப்பு 3.5 லட்சமும் அம்மா நகையும். டிகிரி இல்லாமல் தம்பி பிழைத்துக்கொள்வானா? கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். டிகிரி பற்றி அப்புறம் பேசுகிறேன், முதலில் இந்த 8 லட்சத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் வீட்டில் படிப்பா தொழிலா என்று சண்டை நடக்கிறதே தவிர யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்ட மாதிரி தெரியவில்லை.

வருடத்துக்கு 2 லட்சமாக வங்கி கொடுக்கிறது, வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் நான்கு வருடமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஐந்து வருடம் முடியும்போது வட்டி மட்டும் 3.08 லட்சம் சேர்ந்து கடன் 11.08 லட்சமாகி நிற்கும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 15,260 ரூபாய், கட்டி முடிக்கும்போது மொத்தம் 18 லட்சத்துக்கு மேல் போயிருக்கும். என்னிடம் வரும் குடும்பங்களில் சுமாரான தனியார் கல்லூரியில் பி.இ. முடித்த பிள்ளைகள் முதல் வேலையில் 15,000 முதல் 22,000 வரைதான் வாங்குகிறார்கள். அதில் ரூம் வாடகை, சாப்பாடு போக 15,260 எங்கிருந்து வரும்? நீங்கள்தான் கட்டுவீர்கள். அப்போது உங்களுக்கு வயது 31, கல்யாணமாகி உங்களுக்கென்று ஒரு குடும்பம் இருக்கலாம்.

இணைக் கடன்தாரர் என்றால் சாட்சிக் கையெழுத்து மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது உங்கள் கடன். சிபில் அறிக்கையில் உங்கள் பெயரில் நிற்கும், நாளைக்கு நீங்கள் வீட்டுக் கடன் கேட்டால் அந்தத் தவணையை உங்கள் வருமானத்தில் கழித்துவிட்டுத்தான் வங்கி பார்க்கும். வருமான வரியில் கல்விக் கடன் வட்டியைக் கழிக்கலாம் என்று மாமா சொல்லியிருந்தால் அதுவும் உங்களுக்கு இல்லை, அந்தச் சலுகை தனக்கோ, கணவன் மனைவிக்கோ, பிள்ளைகளுக்கோ, சட்டப்படி காப்பாளராக இருக்கும் மாணவருக்கோ வாங்கிய கடனுக்குத்தான், தம்பி அதில் வரமாட்டான். 7.5 லட்சத்தைத் தாண்டிய கல்விக் கடனுக்குப் பிணை கேட்பார்கள், அதனால்தான் வீட்டுப் பத்திரம் வரை பேச்சு போயிருக்கிறது. மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பிஎம் வித்யாலட்சுமியின் வட்டிச் சலுகையும் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். உங்கள் தம்பி ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அப்படிப் படித்தவர்களுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது, அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. 112 கட்ஆஃபுக்குப் பெரிய கல்லூரி கிடைக்காது, ஆனால் மாமா 12 லட்சத்துக்குப் பேசி வைத்திருக்கும் மாதிரி ஒரு கல்லூரி கவுன்சிலிங்கில் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கக்கூடியதற்கு வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போவானேன்? முதல் பட்டதாரிச் சலுகையை மட்டும் நம்பாதீர்கள், நீங்கள் பட்டம் வாங்கிவிட்டதால் தம்பிக்கு அது வராது. ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் அவனுக்குப் பொருந்தும், கல்லூரிக்குப் போனாலும் சரி, பாலிடெக்னிக் போனாலும் சரி, ஐடிஐ போனாலும் சரி.

ஆக, உங்கள் வீட்டில் கேட்கப்படும் கேள்வியே வேறாகிவிடுகிறது. டிகிரியும் தொழிலும் இரண்டுமே கிட்டத்தட்டச் செலவில்லாமல் அவனுக்குத் திறந்திருக்கின்றன. பணம் கேட்பது மாமா காட்டும் அந்த ஒரு வழி மட்டும்தான். அதை விட்டுவிட்டால் மிச்சமிருப்பது தம்பிக்கு எதில் மனம் இருக்கிறது என்பது, அதை அவன் ஏற்கெனவே சொல்லிவிட்டான்.

ஏசி தொழில் பற்றி அப்பாவுக்கு இருக்கும் பயம் நியாயமானது. கடையில் ஹெல்பராகச் சேர்ந்து வாட்டர் வாஷ் அடித்துக்கொண்டே பத்து வருடம் போய்விட்ட பையன்களை நானும் பார்க்கிறேன். பிப்ரவரியில் இருந்து ஜூன் வரை ஓய்வில்லாத வேலை, மழைக்காலத்தில் கடை காற்று வாங்கும். மூன்றாவது மாடி வெளிச்சுவரில் அவுட்டோர் யூனிட்டைத் தொங்கவிட்டபடி வேலை செய்வது ஆபத்து, சின்னக் கடைகளில் பிஎஃப், இஎஸ்ஐ என்று எதுவும் இருக்காது. அதனால் கடைக்கு நேராக அனுப்பாதீர்கள். அரசு ஐடிஐயில் ரெஃப்ரிஜரேஷன் அண்ட் ஏர் கண்டிஷனிங் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது, படிப்புக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. முடித்ததும் ஒரு நல்ல நிறுவனத்தில் அப்ரண்டிஸ் பயிற்சி. அப்போதுதான் காஸ் அடிப்பதைத் தாண்டி இன்வெர்ட்டர் ஏசியின் மின்னணு போர்டு (பிசிபி) பார்க்க, பெரிய கட்டடங்களின் விஆர்எஃப், சில்லர் என்ற பெரிய குளிரூட்டும் அமைப்புகளைப் பார்க்க வரும். பழைய ஆர்22 காஸ் போய்க்கொண்டிருக்கிறது, இப்போது வருகிற ஆர்32 தீப்பிடிக்கக்கூடியது, அதைக் கையாள முறையாகப் படித்த கை வேண்டும். உங்கள் பக்கத்திலேயே ஸ்பின்னிங் மில்கள், ஆஸ்பத்திரிகள், குளிர்பதனக் கிடங்குகள் என்று வருடம் முழுக்க வேலை உள்ள இடங்கள் எத்தனை இருக்கின்றன, சீசன் பிரச்சினை வீட்டு ஏசிக்குத்தான்.

அந்த ஐடிஐ சான்றிதழுக்கு வேறு மதிப்பும் உண்டு. ரயில்வே டெக்னீஷியன் வேலைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். கடையில் கற்ற கைவேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த மாதிரி இடங்களில் பேப்பர் கேட்பார்கள். மூன்று மாத கோர்ஸ், நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று போர்டு வைத்து 80,000 கேட்கும் இடங்களில் சேர்க்க வேண்டாம், தொழிற்பயிற்சிக்கான மத்திய அமைப்பான என்சிவிஇடியின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டிகிரி தேவையே இல்லை என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். குரூப் 2, வங்கித் தேர்வுகள், வெளிநாட்டில் பல வேலைகளின் விசா, ஃபேக்டரியில் சூப்பர்வைசருக்கு மேலே போவது, எல்லாவற்றிலும் பட்டம் கேட்கிறார்கள், பெண் பார்க்கப் போகும்போதும் கேட்கிறார்கள், அப்பாவின் மனதில் ஓடுவதும் அதுதானே. ஆனால் தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டதால் அந்தக் கதவு மூடாது. ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் வருடம் சேரலாம், கோவை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியில் (ஜிசிடி) வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பகுதி நேர பி.இ.யும் உண்டு. அவ்வளவு தூரம் வேண்டாம், அரசுத் தேர்வு எழுத ஒரு பட்டம் போதும் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேரட்டும், தன் சம்பளத்திலேயே கட்டிவிடலாம். இருபத்து மூன்று வயதில் தன் காசில் என்ன படிக்கிறோம் என்று தெரிந்து படிப்பவன் பாதியில் விடுவது குறைவு.

உங்கள் 3.5 லட்சத்தில் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் தனியாகப் போட்டுத் தொடாமல் வையுங்கள். தம்பிக்கு என்று 50,000 ஒதுக்குங்கள், இப்போது கொடுக்க வேண்டாம், அப்ரண்டிஸ் முடியும்போது வாக்யூம் பம்ப், கேஜ் செட், கிளாம்ப் மீட்டர் வாங்க உதவும். மீதி உங்களுடையது, உங்கள் கல்யாணத்துக்கோ வீட்டுக்கோ. அவன் வேலைக்கு ஏறும் நாளில் இருந்து வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் தரும் பிரதமர் விபத்துக் காப்பீடு கட்டாயம், அதோடு ஒரு தனி விபத்து பாலிசியும் எடுங்கள். நகையும் பத்திரமும் அம்மா பீரோவிலேயே இருக்கட்டும்.

இந்த வாரமே கவுன்சிலிங்குக்கும் ஐடிஐக்கும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள், 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குப் பள்ளியில் இருந்து படிப்புச் சான்று வாங்க மறக்காதீர்கள். நல்ல கல்லூரி வந்து தம்பியும் மனம் மாறினால் சந்தோஷமாக அனுப்புங்கள். வராவிட்டால் ஐடிஐ. மாமா சீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் ரசீதோடு போய் இப்போதே திரும்பக் கேளுங்கள், வகுப்பு ஆரம்பித்த பிறகு வாங்குவது ரொம்பக் கஷ்டம்.