கார், பஸ் வயரிங் தெரிந்தவர் பாய்மரப் படகின் ஆட்டோபைலட்டைத் தானே மாற்ற முடியுமா?

கேள்வி கேட்டவர் திருமங்கலம் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறார். கொச்சியில் உறவினர் வாங்கியிருக்கும் பழைய பாய்மரப் படகில் ஆட்டோபைலட்டைக் கழற்றிவிட்டுப் புதியது போட வேண்டுமாம். வண்டி வயரிங் தெரியும், கடல் தெரியாது, செய்யலாமா, எங்கே தவறு வரும் என்று கேட்டிருக்கிறார்.

செய்யலாம். நானும் மதுரையில் பஸ், லாரி வயரிங் பார்க்கிறவன்தான். பைபாஸ் ரோட்டில் 22 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். என் மச்சினனும் அவனுடைய நண்பர்கள் இருவரும் கொச்சியில் 34 அடி பைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினார்கள். "மாமா, வால்வோ பஸ்ஸுக்கே வயரிங் பார்க்கிறீங்க, இது முடியாதா?" என்றான். ஆரப்பாளையத்தில் குமுளி பஸ் ஏறிப் போனேன். அந்தப் படகின் ஆட்டோபைலட்டுக்கு இரண்டு முறை வயர் இழுத்தேன். முதல் முறை இழுத்தது ஒரே மழைக்காலத்தில் போய்விட்டது. இரண்டாவது முறை இழுத்தது நான்கு வருடமாக ஓடுகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் உங்களுக்கான பதில்.

முதலில் அந்தச் சாமான் என்ன செய்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சித்திரைத் தேரோட்டத்தில் மாசி வீதி முனையில் தேர் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடித்து இழுப்பது ஆயிரம் பேர். ஆனால் தேர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது சக்கரத்தடியில் கட்டை கொடுக்கிறவர் கையில் இருக்கிறது. படகில் இழுப்பது பாயில் பிடிக்கும் காற்று. கட்டை போடுவது ஆட்டோபைலட். திசையைப் பார்க்க ஒரு காம்பஸ் சென்சார், யோசிக்க ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, சுக்கானைத் தள்ளி இழுக்க ஒரு மோட்டார், சுக்கான் இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்ல ஒரு பீட்பேக் சென்சார், நாம் அழுத்த ஒரு பட்டன் பலகை. இவ்வளவுதான். கட்டையைச் சிறிதாக, சரியான நேரத்தில் கொடுத்தால் தேர் அசங்காமல் போகும். தாமதமானால் பெரிய கட்டை வேண்டும், தேரும் ஆடும். படகும் அப்படியே.

முதல் முறை நான் செய்தது இது. பட்டறையில் இருந்த 4 ஸ்கொயர் எம்எம் வண்டி வயரை எடுத்துப் போய், பேட்டரியிலிருந்து படகின் பின்பக்கக் கம்ப்யூட்டர் பெட்டி வரை 7 மீட்டர் இழுத்தேன். நடுவில் இரண்டு இடத்தில் ஜாயின்ட், மேலே டேப். துறையில் கட்டியிருந்தபோது எல்லாம் அருமையாக வேலை செய்தது. ஆறு மாதம் கழித்து ஒரு மாலை, நல்ல காற்றில், கரையிலிருந்து தள்ளிப் போய்க்கொண்டிருந்தபோது ஆட்டோபைலட் தானாக அணைந்து, தானாக உயிர்பெற்று, மறுபடி அணைந்தது. படகு காற்றைப் பார்த்துத் திரும்பிவிட்டது. பாய் படபடவென்று அடித்தது. மச்சினன் ஓடிப்போய் ஸ்டீயரிங் சக்கரத்தைப் பிடித்தான். ஒருவருக்கும் அடிபடவில்லை, ஆனால் அந்தச் சில நிமிடங்களை நான் மறக்கவில்லை.

மறுநாள் மல்டிமீட்டர் வைத்தேன். கம்ப்யூட்டர் பெட்டியில் 12.4 வோல்ட் காட்டியது. வயர் நன்றாக இருக்கிறது, பெட்டிதான் போய்விட்டது என்று சொல்லத் தோன்றும் இடம் இதுதான். தயவுசெய்து அங்கே நிற்காதீர்கள். சுக்கானை ஒருவர் கையால் அழுத்திப் பிடிக்க, மோட்டார் சுமையோடு ஓடும்போது அளந்து பாருங்கள். நான் அப்படி அளந்ததில் பேட்டரியில் 12.4, பெட்டியில் 10.6. வழியிலேயே 1.8 வோல்ட் காணாமல் போயிருக்கிறது.

கணக்குப் போட்டால் புரியும். செம்பின் தடை, ஒரு ஸ்கொயர் எம்எம் கனத்துக்கு மீட்டருக்கு 0.0172 ஓம். போகவும் வரவும் சேர்த்து 14 மீட்டர். 4 ஸ்கொயர் எம்எம் என்றால் மொத்தம் 0.06 ஓம். மோட்டார் 15 ஆம்பியர் இழுக்கும்போது 0.9 வோல்ட் வயரிலேயே போகும், அதாவது 7 சதவீதத்துக்கு மேல். மீதி 0.9 வோல்ட்டை என் இரண்டு ஜாயின்ட்டும் தின்றிருந்தன. ஆட்டோபைலட் மாதிரி முக்கியமான சாமானுக்கு 3 சதவீதத்துக்குள் இழப்பு இருக்க வேண்டும் என்பது படகு வயரிங்கின் வழக்கம். 10 ஸ்கொயர் எம்எம் போட்டால் 0.36 வோல்ட், சரியாக 3 சதவீதம். நான் 16 போட்டேன், 0.23 வோல்ட்தான் போகிறது. விலை கூடத்தான். ஆனால் புதுக் கம்ப்யூட்டர் பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

அந்த ஜாயின்ட்டைப் பிரித்தபோது பார்த்தது என்ன தெரியுமா? களிம்பு. பச்சையும் கறுப்புமாக, இன்சுலேஷனுக்குள்ளே ஒரு சாண் நீளத்துக்கு ஏறியிருந்தது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி, பல இழை வயர் உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரத்துக்கு ஏன் ஈயம் பூசினார்கள்? புளி பட்டால் களிம்பு ஏறும் என்பதால்தானே. கடல் வயருக்கும் அதே வைத்தியம்தான். ஒவ்வொரு செம்பு இழைக்கும் வெள்ளீயப் பூச்சு இருக்கும். சீவிப் பார்த்தால் வெள்ளி நிறமாகத் தெரியும். 'டின்டு காப்பர் மரைன் வயர்' என்று கேட்டு வாங்குங்கள். டவுன்ஹால் ரோட்டு எலக்ட்ரிக்கல் கடைகளில் நான் அலைந்து பார்த்தேன், வீட்டு வயரும் வண்டி வயரும்தான் கிடைத்தது. கடைசியில் வெளியூரிலிருந்து வரவழைத்தேன்.

நடுவில் ஜாயின்ட்டே வேண்டாம். ஒரே நீளமாக இழுங்கள். முனைகளில் ஈயம் பூசிய லக், அதாவது போல்ட்டில் மாட்டும் உலோக வளையம், ராட்செட் கிரிம்பிங் டூலால் அமுக்கியது, மேலே உள்பக்கம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் என்ற சூட்டில் சுருங்கும் குழாய். சால்டரை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். சால்டர் ஏறிய இடம் விறைத்துப்போய், அது முடிகிற இடத்தில் படகின் அதிர்வில் இழை இழையாக ஒடியும். பியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே வரட்டும். அது காப்பாற்றுவது வயரைத்தான், எனவே வயரின் கனத்துக்கும் பெட்டியின் கையேடு சொல்வதற்கும் பொருந்தும் அளவில் போடுங்கள்.

வண்டிக்காரரான உங்களுக்கு ஒரு பழக்கம் கையிலேயே ஊறியிருக்கும்: பாடியை எர்த்தாக எடுப்பது. படகில் அது கூடவே கூடாது. ஒவ்வொரு சாமானுக்கும் பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று, இரண்டு வயரும் படகின் மின்பலகை வரை போக வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் உலோகம் வழியாக மின்சாரம் கசிந்தால் புரொப்பல்லரையும் வால்வுகளையும் அரித்துத் தின்றுவிடும். அதேபோல இன்ஜின் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் ஆட்டோபைலட்டைக் கொடுக்காதீர்கள். வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டால் லைட் ஒரு கணம் மங்குகிறதே, அந்த ஒரு கணம் போதும், கம்ப்யூட்டர் பெட்டி மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

உங்களுக்குச் சாதகமான இடமும் ஒன்று உண்டு. இப்போதைய கருவிகள் என்எம்இஏ 2000 என்ற கேபிளில் பேசிக்கொள்கின்றன. லாரியிலும் பஸ்ஸிலும் கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒன்றோடொன்று பேச நாம் பார்க்கும் ஜே1939 'கேன் பஸ்' முறையின் மேல் கட்டியதுதான் அது. வேகம்கூட அதே விநாடிக்கு 250 கிலோபிட். ஒரு முதுகெலும்புக் கேபிள், இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் என்ற 120 ஓம் தடை, நடுவில் டி கனெக்டர்கள், ஒவ்வொரு கருவிக்கும் 6 மீட்டருக்கு மிகாத கிளை. பவரை நிறுத்திவிட்டு வெள்ளை வயருக்கும் நீல வயருக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு டெர்மினேட்டர் இல்லை, 40 வந்தால் யாரோ ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். இது உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

எதை வாங்குவது என்பதில், படகின் நீளத்தைப் பார்க்காதீர்கள். தண்ணீர், டீசல், ஆட்கள், நங்கூரம் எல்லாம் ஏற்றிய எடையைப் பாருங்கள். எங்கள் படகு அப்படி 6 டன் வந்தது. சுக்கானைத் தள்ளி இழுக்கும் மோட்டார் பகுதியை டிரைவ் என்பார்கள். ரேமரின் கம்பெனியின் டைப் 1 லீனியர் டிரைவ் 11 டன் வரை தாங்கும் என்பதால் அதிலேயே இருந்தோம். அதற்கு 15 ஆம்பியர் தரும் ஏசியூ-200 என்ற கம்ப்யூட்டர் பெட்டி போதும். பெரிய டிரைவுக்கு 30 ஆம்பியர் ஏசியூ-400 வேண்டும்.

பழைய டிரைவை உடனே தூக்கிப் போடவும் வேண்டாம். கம்ப்யூட்டரும் சென்சாரும் புதிதாக வாங்கினோம், டிரைவை மதுரைக்கு எடுத்து வந்து பிரித்தேன். உள்ளே இருப்பது நமக்குப் பழகிய டிசி மோட்டார்தான். கார்பன் பிரஷ் தேய்ந்து தீரும் நிலையில் இருந்தது, பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டர் கறுத்திருந்தது. மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, பள்ளங்களைச் சுத்தம் செய்து, பிரஷ் மாற்றினேன். எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் மின்சாரம் கடத்தும். மோட்டாரைச் சுக்கானோடு இணைத்து விடுவிக்கும் கிளட்ச்சின் காயில் தனியாக நன்றாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இரண்டாவது முறையில் நான் செய்த மிக நல்ல காரியம்: முழு சிஸ்டத்தையும் வீட்டு மாடியில் விரித்து ஓட்டிப் பார்த்தது. ஒரு பேட்டரி, கம்ப்யூட்டர் பெட்டி, டிரைவ், சென்சார், பட்டன் பலகை. சென்சாரை மர ஸ்டூலில் வைத்துக் கையால் மெதுவாகத் திருப்பினால் டிரைவின் தண்டு உள்ளே போய் வெளியே வருகிறது. முதலில் சென்சாரைத் தரையில் வைத்திருந்தேன், திசை தாறுமாறாகக் காட்டியது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பிதான் காரணம். ஸ்டூல் மேல் தூக்கியதும் சரியானது. படகுக்குள் குனிந்து, வியர்த்து, குமட்டலோடு தேட வேண்டிய தவறுகளை நிழலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

காம்பஸ் விஷயத்தில் நம் பக்கத்துக் கடலுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனை வழியாகப் போகிறது. 1963இல் இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவத் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அந்தக் கோடு பக்கத்தில் இருப்பதால்தான். எனவே மதுரையிலும் கொச்சியிலும் பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்டத் தரைக்குப் படுக்கையாக ஓடுகிறது. இங்கிலாந்தில் அது 60 டிகிரிக்கு மேல் சாய்ந்து பூமிக்குள் இறங்கும். அங்கே படகு சாய்ந்தால் காம்பஸ் எளிதில் தடுமாறும். இங்கே அந்தத் தொல்லை குறைவு. ஆனால் இரும்பு இரும்புதான். சென்சாரைப் படகின் நடுவில், தாழ்வான இடத்தில், ஸ்பீக்கர், மோட்டார், இன்ஜினிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். டிரைவுக்குப் போகும் பிளஸ், மைனஸ் இரண்டையும் முறுக்கி இணைத்துக் கொண்டுபோனால் அவற்றின் காந்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எங்கள் படகில் ஒருநாள் திடீரென்று 12 டிகிரி தப்பாகக் காட்டியது. வயரை எல்லாம் ஆராய்ந்துவிட்டு, கடைசியில் சென்சாருக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தால், சமைக்கிற பையன் தோசைக்கல்லை அங்கே வைத்திருந்தான்.

கடலில் முதல் நாள் பாய் ஏற்றாதீர்கள். துறையிலேயே மோட்டார் திசையைச் சரிபாருங்கள்: வலது பட்டன் அழுத்தினால் சுக்கான் வலதுபக்கம் போக வேண்டும். எதிராகப் போனால் மோட்டாரின் இரண்டு வயரையும் மாற்றிப் போடுங்கள், அல்லது ஆட்டோபைலட்டின் செட்டிங்கில் மாற்றுங்கள். சுக்கான் இரும்பு நிறுத்தத்தில் இடிக்கும் முன் ஆட்டோபைலட் நிற்கும்படி எல்லையைக் கொடுங்கள். பிறகு அலை இல்லாத காலை வேளையில் இன்ஜினில் மெதுவாக வட்டம் அடித்து காம்பஸைப் பழக்குங்கள். பாய் ஏற்றிய பிறகு டிரைவ் ஓயாமல் முனகினால் செட்டிங்கை மாற்றுவதற்கு முன் பாயைக் குறையுங்கள். பாய் அதிகமான படகு சுக்கானோடு மல்லுக்கட்டும், பேட்டரியும் காலியாகும். எங்களுடையது சராசரி 3 ஆம்பியர் எடுக்கிறது, ஒரு நாளுக்கு 72 ஆம்பியர்-அவர். சோலார் பேனலை அந்தக் கணக்கில் வாங்கினோம்.

நீண்ட பயணம் போகிற எண்ணம் உறவினருக்கு இருந்தால் காற்றாலேயே சுக்கான் திருப்பும் விண்ட்வேன் பற்றியும் சொல்லுங்கள். மின்சாரமே வேண்டாம். தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் எலக்ட்ரானிக் ஆட்டோபைலட்டுக்கு அனுமதியே கிடையாது. நம் கடற்படையில் இருந்த அபிலாஷ் டோமி 2023இல் அதில் இரண்டாவதாக வந்தது விண்ட்வேனை வைத்துத்தான்.

ஒன்றை மட்டும் படகில் ஏறுகிற எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். ஆட்டோபைலட்டுக்குக் கண் கிடையாது. ராத்திரி சின்ன விளக்கோடு நிற்கும் வள்ளமும் தெரியாது, வலை மிதவையும் தெரியாது. எப்போதும் ஒருவர் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது கடல் போக்குவரத்து விதிகளில் 5ஆவது விதி. அதனால் ஆட்டோபைலட்டை விடுவித்துச் சுக்கானைக் கைக்குக் கொடுக்கும் ஸ்டாண்ட்பை பட்டனைச் சக்கரம் பிடிப்பவர் எழுந்திருக்காமல் எட்டுகிற இடத்தில் வையுங்கள். எங்கள் படகில் அதைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறோம். கம்ப்யூட்டர் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் வயரிங் படத்தை நிறத்தோடு தமிழில் எழுதி லேமினேட் செய்து ஒட்டினேன். அதன் பக்கத்திலேயே ஒரு கவரில் இரண்டு கார்பன் பிரஷ், ஒரு டெர்மினேட்டர், நான்கு பியூஸ்.