உப்புத் தண்ணீருக்குக் குப்பை மருந்தாகுமா?

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் இரண்டு ஏக்கர் தோட்டம். போர் தண்ணீரைச் சோதித்ததில் உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துத்திறன் 3 என்று வந்திருக்கிறது. சொட்டுநீர்தான் போட்டிருக்கிறேன், ஆனாலும் சின்ன வெங்காயத்தின் தாள் நுனி கருகுகிறது. குப்பை எரு நிறைய அடித்தால் உப்பு முறிந்துவிடும் என்கிறார்கள். பக்கத்துப் பண்ணையில் கோழி எரு மலிவு. அதையே போடலாமா?

பதில்: உப்பை எந்தக் குப்பையும் முறிக்காது. 3 என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் உப்பு. ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குல உயரம் தண்ணீர் விட்டால், கிட்டத்தட்ட 200 கிலோ உப்பை வயலில் கொட்டுகிறீர்கள். அதாவது நான்கு மூட்டை. இது மழையோடு வேருக்குக் கீழே இறங்கினால்தான் உண்டு. இறங்குவதற்கு மண்ணில் வழி வேண்டும். குப்பை திறந்துவிடுவது அந்த வழியைத்தான். மண் பொலபொலப்பாகும், ஈரம் நின்று காயும், அதனால் இரண்டு பாசனத்துக்கு நடுவே வேரடி உப்பு சட்டென்று செறிவடையாது. சுக்கான் கல் கலந்த மண்ணாக இருந்தால் இன்னொரு லாபம்: குப்பை மட்கும்போது அந்தச் சுண்ணாம்பு கொஞ்சம் கரைந்து, மண்ணை இறுக்கும் சோடியத்தை விலக்கும்.

கோழி எரு வேண்டாம். அதிலேயே உப்பு அதிகம்; பச்சையாகப் போட்டால் இருக்கிற கருகலோடு புதுக் கருகலும் சேரும். மலிவு என்பதற்காக வாங்கியே தீருவேன் என்றால், மட்க வைத்து, மழைக்கு முன் கொஞ்சமாகப் போடுங்கள். மாட்டுக் குப்பை ஏக்கருக்கு 5 டன் போதும். கையில் அள்ளி முகர்ந்தால் மண் வாசம் வர வேண்டும். சாணி வாடை அடித்தால் இன்னும் மட்கவில்லை.

அதைவிட எனக்கு நம்பிக்கை பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டின் மேல்தான். இந்தத் தண்ணீரிலும் முளைக்கும். ஆடிக் கடைசியில் ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தறுவாயில், 45 நாளுக்குள் மடக்கி உழுதுவிடுங்கள். ஐப்பசி மழை வரும்போது மண் வாய் திறந்திருக்கும்.

சோடியத்தை விலக்கப் போடும் ஜிப்சம் எல்லோருக்கும் தேவையில்லை. நீர் ஆய்வில் சோடியமும் பைகார்பனேட்டும் மிகுதி என்று வந்தால் மட்டும் யோசிக்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: வெங்காயம் உப்புக்கு நோஞ்சான். மண்ணை நீரில் குழைத்து வடித்த சாற்றில் கடத்துத்திறன் 1.2 தாண்டினாலே விளைச்சல் சரியத் தொடங்கும். இந்தப் போரை மட்டும் நம்பி இரண்டு ஏக்கரிலும் வெங்காயம் வைப்பதை விட, ஓர் ஏக்கரில் சோளமோ பருத்தியோ போடுவது நல்லது; இரண்டும் உப்பை நன்றாகத் தாங்கும்.

சொட்டுநீரில் உப்பு ஈர வட்டத்தின் விளிம்பில் ஒதுங்கி வெள்ளையாகப் பூத்து நிற்கும். சிறு தூறல் விழுந்தால் அது கரைந்து வேருக்கே திரும்பிவிடும். ஆகவே மழை தூறியதும் மோட்டாரை நிறுத்தாதீர்கள். மண் நன்றாக நனையும் வரை ஓடட்டும்.