மலையில் நின்றுபோகும் புது கார்: பம்ப்பா, பெட்ரோலா?

கேள்வி: ஏற்காடு மலையில் நாகலூரில் இருக்கிறேன். போன வருடம் சேலத்தில் புது பெட்ரோல் கார் எடுத்தேன். 14 மாதம்தான் ஆகிறது. அஸ்தம்பட்டி, கோரிமேடு வரை ஒழுங்காக வரும் வண்டி, அடிவாரம் தாண்டிப் பாதி மலை ஏறியதும் இழுவை குறைந்து, இரண்டு மூன்று முறை ஜெர்க் அடித்து ஆஃப் ஆகிவிடுகிறது. அரை மணி நேரம் நின்றால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். இதுவரை மூன்று முறை இப்படி ஆகிவிட்டது. கடைசி முறை பின்னால் பஸ் நிற்கிறது, உள்ளே வயதான என் அம்மா உட்கார்ந்திருக்கிறார். சர்வீஸ் சென்டரில் இரண்டு தடவை “ஓட்டிப் பார்த்தோம், ஸ்கேனரில் எரர் எதுவும் இல்லை” என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை “ஃப்யூயல் பம்ப் போயிருக்கிறது. நீங்கள் போட்ட பெட்ரோல் சரியில்லை, அதனால் வாரண்டியில் வராது” என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பம்ப் மாற்றும்வரை அந்தக் காரில் நீங்களாக மலை ஏறாதீர்கள், அம்மாவை ஏற்றிக்கொண்டு நிச்சயம் வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை அது. இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் இரண்டு மூன்று அழுத்தலில் தீர்ந்துவிடும். அப்புறம் பெடல் கல் மாதிரி இறுகும், ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். சர்வீஸ் சென்டருக்கு டோ பண்ணி எடுத்துப் போகச் சொல்லுங்கள். புது காருக்குப் பெரும்பாலும் ரோடுசைடு அசிஸ்டன்ஸ் இருக்கும்.

இனி பம்ப் விஷயம். இப்போதைய பெட்ரோல் கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி இருக்கும், பெரும்பாலும் பின் சீட்டுக்கு அடியில். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன், பின்பக்கம் இரண்டு விநாடி ‘உய்ங்’ என்று ஒரு சத்தம் வரும். அதுதான் பம்ப். சமதரையில் இன்ஜின் கேட்கும் பெட்ரோல் கொஞ்சம்தான், பலவீனமான பம்ப்பும் அதைச் சமாளித்துவிடும். மலையில் செகண்ட் கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது தேவை கூடுகிறது. பம்ப் சூடாகிறது, அழுத்தம் விழுகிறது, வண்டி நிற்கிறது. ஆறினால் மறுபடி ஓடும். கோரிமேடு வரை ஒழுங்காக வந்து அதற்கு மேல் நிற்பதற்குக் காரணம் இதுவாகத்தான் தெரிகிறது. இன்ஜின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சூடாகிப் பழுதானாலும் வண்டி இப்படி நிற்கும். ஆனால் அது பெரும்பாலும் இழுவை குறையாமல் பட்டென்று நிறுத்திவிடும்.

“ஸ்கேனரில் எரர் இல்லை” என்பதை நம்பித் திரும்பி வந்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பல பெட்ரோல் கார்களில் எரிபொருள் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. பம்ப் பலவீனமாக இருப்பது கம்ப்யூட்டருக்கு நேராகத் தெரியாது. பைப்பில் பிரஷர் கேஜ் மாட்டி, லோடில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். சென்டரைச் சுற்றி சமதரையில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு “ஒன்றும் இல்லை” என்பது சோதனையே ஆகாது. இந்தச் சோதனைக்கு மட்டும், அவர்கள் டெக்னீஷியன் கேஜோடு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அடிவாரத்திலிருந்து மேலே வரட்டும். மறுத்தால், மறுத்ததை ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது உங்கள் புகாரை எழுதிக் கையெழுத்து வாங்கும் தாள்) எழுதித் தரச் சொல்லுங்கள்.

அந்த ஜாப் கார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் மச்சான் காருக்கும் இதே மாதிரி ஒரு பிரச்சனை வந்தது. குப்பனூர் வழியாக ஏறும்போது நான்கு தடவை நின்றது. நான்கு தடவையும் சென்டருக்குப் போனார். வாரண்டி முடிந்ததும் பம்ப் முழுதாகப் போனது. பழைய ஜாப் கார்டுகளை எடுத்து வரிசையாக மேஜையில் வைத்துப் பார்த்தோம். நான்கிலும் வாடிக்கையாளர் புகார் என்ற இடத்தில் ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதியிருந்தது. அவர் வாயால் சொன்னது எதுவும் தாளில் இல்லை. கையெழுத்து மட்டும் நான்கிலும் அவருடையது. வாரண்டிக்குள்ளேயே வந்த பழுது என்று நிரூபிக்க அவரிடம் ஒரு வரி கிடையாது, கைக்காசு போட்டுத்தான் மாற்றினார்.

அதனால், சர்வீஸ் அட்வைசர் டைப் அடிக்கும்போது பக்கத்தில் நின்று, “மலை ஏறும்போது இன்ஜின் தானாக நிற்கிறது, மூன்றாவது முறை” என்று உங்கள் சொல்லிலேயே பதியச் சொல்லுங்கள். தேதி, கிலோமீட்டர் இரண்டும் இருக்க வேண்டும். ‘செக்கப்’ என்று போட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போய்வந்த இரண்டு தடவைக்குமான ஜாப் கார்டு நகலையும் கேட்டு வாங்குங்கள். அவற்றில் சரியாக எழுதவில்லை என்றால், நடந்ததை தேதியோடு மின்னஞ்சலில் டீலருக்கும் கம்பெனிக்கும் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். இனி ஒரு தடவை நின்றால், வண்டியை ஓரம் கட்டிய பிறகு, டேஷ்போர்டை எரிபொருள் முள் தெரியும்படி வீடியோ எடுங்கள். டேங்க் பாதிக்கு மேல் இருந்தும் நின்றது என்று காட்டினால், “ரிசர்வில் ஓட்டினீர்கள், ஏற்றத்தில் பெட்ரோல் ஒதுங்கிவிட்டது” என்ற வாதம் அங்கேயே அடிபடும். வெளி மெக்கானிக்கிடம் காட்டி எரர் கோடை அழித்துவிடாதீர்கள், பேட்டரியையும் கழற்றாதீர்கள்.

அடுத்து, பெட்ரோல் சரியில்லை என்ற பதில். கெட்ட பெட்ரோலால் பம்ப் போகவே போகாது என்று நான் சொல்லமாட்டேன். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். ஆனால் தண்ணீர் கலந்த பெட்ரோல் என்றால் போட்ட அன்றோ மறுநாளோ சமதரையிலேயே வண்டி திணறும். மலையில் மட்டும், விட்டுவிட்டு, மூன்று தடவை நிற்காது. இதை அவர்களிடம் கேளுங்கள்.

கலப்படம் என்று சொல்பவர்தான் காட்ட வேண்டும். வாரண்டி மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். உங்கள் முன்னிலையில் டேங்கிலிருந்து இரண்டு உலோக கேன்களில் மாதிரி எடுத்து, சீல் வைத்து, இருவரும் கையெழுத்திட்டு ஒன்றை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணி பாட்டிலில் பிடிக்க விடாதீர்கள். பெட்ரோல் போட்ட பில்கள் இருந்தால் எடுத்து வையுங்கள். இனிமேல் பங்கில் சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் சோதனை கேளுங்கள் (தாளில் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டு, கறை தங்குகிறதா என்று பார்ப்பது). கேட்பவருக்கு அங்கேயே செய்து காட்ட வேண்டும், காசு கிடையாது.

வண்டி அவசரமாக வேண்டும் என்பதால் காசு கட்டி மாற்ற நேர்ந்தால், பில்லில் “ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பழைய பம்ப்பைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அதுதான் உங்கள் சாட்சி.

பம்ப் கம்பெனியிலேயே தவறாக வந்திருக்கலாம், இது புதிதல்ல. 2020 ஜூலையில் மாருதி சுசுகி வேகன்ஆர், பலேனோ இரண்டிலுமாக 1,34,885 கார்களை ஃப்யூயல் பம்ப்புக்காகத் திரும்ப அழைத்தது. 2024 மார்ச்சில் மறுபடி 16,041 கார்கள். ஹோண்டா 2024 அக்டோபரில் 90,468 கார்களை அழைத்தது. அந்த பம்ப்பில் இம்பெல்லர் என்ற சின்னச் சக்கரத்தில் குறை. உங்கள் காரின் சேஸிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் ரீகால் (திரும்ப அழைப்பு) பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ரீகால் இல்லாவிட்டாலும் அரசின் வாகனப் பதிவுத் தளமான வாஹனில் புகார் பதியுங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, 7 ஆண்டுக்குட்பட்ட ஒரு மாடல் மீது போதிய புகார் சேர்ந்தால், திரும்ப அழைக்கும்படி அரசே உத்தரவிட முடியும். உங்கள் ஒரு புகாரும் அந்தக் கணக்கில் சேரும்.

இதற்கும் மசியவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். பல பிரச்சனைகள் அங்கேயே முடிகின்றன. முடியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் போடலாம். காருக்குக் கொடுத்த விலை 5 முதல் 10 லட்சம் வரை என்றால் கட்டணம் 200 ரூபாய்தான், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. பிரச்சனை எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். டீலர், கம்பெனி இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். பம்ப்பையும் பெட்ரோல் மாதிரியையும் ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்திடம் கேளுங்கள்.

புது காரே வேண்டும் என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். வாரண்டி என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்ய அல்லது மாற்றித் தரத்தான் என்று 2006-ல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இலவசமாக பம்ப், டாக்சிக்கும் டோவிங்குக்கும் ஆன செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு என்று கேளுங்கள், அது வழக்கில் எடுபடும். பம்ப் மாற்றிய பிறகும் வண்டி நின்றால் வழக்கின் கனமே வேறு.

கேள்வி: கன்னங்குறிச்சியில் இருக்கிறேன். 2019 மாடல் கார் ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. பம்ப் ரீகால் வந்த மாடல் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: ரீகால் வந்தது என்பதற்காகத் தள்ள வேண்டாம். ரீகால் வேலை காருக்குத்தான், ஓனர் யார் என்று பார்ப்பதில்லை, இலவசம். சேஸிஸ் நம்பரை வைத்து, வேலை முடிந்துவிட்டதா என்று அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். மாடல் வருடத்தை மட்டும் நம்ப வேண்டாம். நான் மேலே சொன்ன 2024 ஹோண்டா ரீகாலில், முன்பு ஸ்பேராக அதே பம்ப் மாட்டிய 2,204 பழைய கார்களும் இருந்தன. முடிந்தால் கால் டேங்க் பெட்ரோலோடு அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை ஏசி போட்டு ஒரு தடவை ஏறிப் பாருங்கள். விற்பவர் மலைக்கு வேண்டாம் என்று தயங்கினால், ஏன் என்று கேளுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் சொந்தமாக ஒரு கார் வைத்து டூரிஸ்ட்டுகளுக்கு ஓட்டுகிறேன். வாடகை வண்டி என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்கிறார்களே?

பதில்: போகலாம். பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் வண்டி என்றால் சட்டம் உங்களை நுகர்வோராகத்தான் பார்க்கிறது. நான்கைந்து கார் வாங்கி டிரைவர் போட்டு ஓட்டினால்தான் சிக்கல். மனுவில் “சுயதொழிலாக, என் பிழைப்புக்காக நானே ஓட்டுகிறேன்” என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். லைசென்ஸ் நகலை இணையுங்கள். வண்டி நின்ற நாட்களில் ரத்தான ட்ரிப்களின் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வையுங்கள், வருமான இழப்பைக் காட்ட அவை வேண்டும்.