கர்ப்பத்துல சுகர்: பாகற்காய் ஜூஸ், வெந்தய கேப்சூல் எடுக்கலாமா?

28 வாரம், ஃபாஸ்டிங் (வெறும் வயித்து) சுகர் 5.4 mmol/L, மாமியார் தேக்கா மார்க்கெட்ல பாகற்காய் வாங்கி தினமும் ஜூஸ் போட்டுத் தர்றாங்க, குடிக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. ஜூஸ் வேணாம்மா. பொரியல்ல நாலு துண்டு சாப்பிடறது வேற, அரை கிலோவைப் பிழிஞ்சு வெறும் வயித்துல குடிக்கிறது வேற, மிருகங்கள்ல செஞ்ச ஆராய்ச்சில பாகற்காய் சாறு கர்ப்பத்தையே பாதிச்சிருக்கு. வெந்தயம் தாளிப்புக்கு ஓகே, ஆனா கேப்சூல் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கலாம், இன்சுலினும் போட்டா சுகர் ரொம்ப இறங்கிடலாம்.

செடில மருந்தே இல்லன்னு சொல்லல. சுகருக்குத் தர்ற மெட்ஃபார்மின் மாத்திரையோட மூலமே கலேகாங்கற செடிதான், ஆனா அந்தச் செடிச் சத்து அப்படியே எடுத்தா விஷம், அதனால வேதியியல்ல மாத்தி, அளவு கண்டுபிடிச்சு, மனுஷங்ககிட்ட சோதிச்ச பிறகுதான் மாத்திரையா வந்துச்சு. பாகற்காய் ஜூஸ்ல இன்னிக்கு எவ்ளோ சத்து, நாளைக்கு எவ்ளோன்னு யாருக்குத் தெரியும்?

என் தங்கச்சி இன்சுலின்னதும் பிள்ளைக்கு ஆகாதுன்னு அழுதுட்டா. உண்மைல இன்சுலின் நஞ்சுக்கொடியத் தாண்டிப் பிள்ளைக்குப் போறதில்ல, அம்மாவோட அதிக சுகர்தான் தாண்டிப் போகுது. சோத்தைப் பாதியாக்கி, சாப்பிட்டதும் புளோக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல கால் மணி நேரம் நடங்க, ஜூஸ் ஏற்கெனவே குடிச்சிருந்தா அந்த விஷயத்தை அடுத்த செக்கப்புல டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க.